எனக்குக் கோதுமை தோசை பிடிக்காது

‘தோசை பிடிக்குமா?’ என்று கேட்டால், ‘எந்தத் தோசை?’ என்று திருப்பிக் கேட்பவரே உண்மையில் தோசை தின்று வளர்ந்தவர். அரைத்த மறுநாள் வார்ப்பதா, மூன்றாம் நாள் புளிப்பேறிய மாவில் வார்ப்பதா? மெல்லியதா, கனத்ததா? நல்லெண்ணெயா, நெய்யா? தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்டினியா, மிளகாய்ப் பொடியா? ஒரே உணவுக்குள் இத்தனை கட்சிகள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் மாவில், இரும்புக் கல்லில், சற்றே கனமாக, ஓரம் மட்டும் முறுகும்படி நல்லெண்ணெய் விட்டு வார்த்த தோசை எனக்கு மிகவும் பிடிக்கும். உணவகங்களில் முழ நீளத்துக்குச் சுருட்டி வைக்கும் நெய் ரோஸ்ட்டின் மேல் பெரிய ஈடுபாடு இல்லை. மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யும் பான்கேக்கை, ஆங்கிலேயர் உண்பதைப் போல எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் தூவிக் கொடுத்தால் விரும்பி உண்பேன். அதன்மீது மேப்பிள் பாகை ஊற்றினால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வேன். உப்புப் போட்டுக் கரைத்த கோதுமை தோசை அறவே பிடிக்காது. ஆனால், அதே கோதுமை மாவில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து வார்த்த வெல்ல தோசையை எத்தனை கொடுத்தாலும் மறுக்க மாட்டேன்.

இது என்ன நியாயம் என்று வீட்டில் கேட்பார்கள். உணவில் விருப்பு வெறுப்பு என்பதை நம்மில் பலர் பிடிவாதம் என்றோ, செல்லம் கொடுத்ததன் விளைவு என்றோதான் எண்ணுகிறோம். நான் அப்படி எண்ணவில்லை. ஒருவருக்கு எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்பது அவருடைய உடலையும் வாழ்க்கையையும் பற்றிய ஒரு செய்தி. அதைக் கேட்டறியும் வழக்கம் நம் வீடுகளில் குறைவு என்பதே என் கவலை.

ஊர்தோறும் ஒரு தோசை

கரைத்த மாவைச் சூடான கல்லில் ஊற்றிச் சுடுவது மனிதர் கண்ட மிக எளிய சமையல்களில் ஒன்று. எத்தியோப்பியர் தெஃப் என்னும் நுண்தானியத்தைப் புளிக்கவைத்து இஞ்செரா சுடுகிறார்கள். பிரான்சின் பிரிட்டனி பகுதியில் பக்வீட் மாவில் கலெட் வார்க்கிறார்கள். இங்கிலாந்தில் கிறித்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை பான்கேக் நாள். நோன்புக்கு முன் வீட்டிலுள்ள முட்டை, பால், வெண்ணெயைத் தீர்க்க எழுந்த வழக்கம் அது. ரஷ்யர்களுக்கு பிளினி. முதல் பிளின் கட்டிதட்டித்தான் போகும் என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. கல் சரியாகக் காய்வதற்குள் வார்த்த முதல் தோசையைக் கிழியாமல் எடுக்கப் போராடிய எவருக்கும் அதற்கு விளக்கம் தேவைப்படாது.

நம் மரபும் பழையது. மதுரைக்காஞ்சி காட்டும் இரவு நேர மதுரையில், தேன்கூட்டின் தோற்றத்தையுடைய மெல்லடையை விற்ற கூவியர் என்னும் அப்ப வணிகர்கள் இருக்கிறார்கள். கண்கண்ணாகத் துளைவிட்ட அடையைத் தேனடைக்கு ஒப்பிட்ட அந்தக் கண், இன்றைய ஆப்பத்தையும் ஊத்தப்பத்தையும் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்ளும்.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த பெயர் ஜப்பானியருடையது. முட்டைக்கோஸைச் சீவி மாவில் கலந்து கல்லில் சுடும் உணவுக்கு அவர்கள் இட்ட பெயர் ஒகோனொமியாக்கி. ‘ஒகோனொமி’ என்றால் விருப்பம். ‘யாக்கி’ என்றால் சுட்டது. உண்பவரின் விருப்பப்படி சுட்டது என்பதையே உணவின் பெயராக வைத்திருக்கிறார்கள்.

கல்லில் நடப்பது என்ன?

ஒரே மாவு இட்லியாகும்போது ஒரு மணம், தோசையாகும்போது வேறு மணம். காரணம், வெப்பநிலை. இட்லி நீராவியில் வேகிறது. அதன் வெப்பம் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில்லை. தோசைக்கல்லிலோ மாவின் அடிப்பரப்பு விரைவில் நீர் வற்றி, அதைவிடச் சூடாகிறது. 140 டிகிரியை ஒட்டி, மாவிலுள்ள சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் வேகமாக வினைபுரிந்து பொன்னிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்குகின்றன. 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் பெயரால் இது மையார் வினை எனப்படுகிறது. நோயாளிக்கு இட்லி கொடுத்தால் பேசாமல் உண்பதும், பக்கத்து வீட்டுத் தோசையின் மணம் வந்ததும் ‘எனக்கு ஒன்று’ என்று எழுந்து உட்காருவதும் இதனால்தான்.

புளிப்பும் அப்படியே. அரிசியும் உளுந்தும் அரைத்த மாவில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன. நாள் செல்லச் செல்ல அமிலம் கூடுகிறது. முதல் நாள் மாவை விரும்புபவருக்கும் மூன்றாம் நாள் மாவை விரும்புபவருக்கும் இடையிலான சண்டை, உண்மையில் அமிலத்தின் அளவைப் பற்றிய சண்டை.

இனி, என் வெறுப்புக்குரிய கோதுமை தோசைக்கு வருவோம். அது அப்போதே கரைத்து வார்ப்பது, புளிக்க நேரமில்லை, எனவே புளிப்பின் மணமும் இல்லை. கோதுமையில் உள்ள புரதங்கள் நீருடன் சேர்ந்து கலக்கக் கலக்க குளூட்டன் என்னும் மீள்தன்மையுள்ள வலையாகப் பின்னிக்கொள்கின்றன. சப்பாத்திக்கு வரமாக அமையும் அந்தக் குணம், கரைத்த தோசையில் சவசவப்பாக மாறுகிறது. பான்கேக் மாவில் சிறு கட்டிகள் இருந்தாலும் பரவாயில்லை, அதிகம் கலக்காதீர்கள் என்று சமையல் நூல்கள் எச்சரிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். வெல்லம் சேரும்போது கதை மாறுகிறது. வெல்லத்தின் சர்க்கரைகள் கல்லில் விரைவாகச் சிவந்து மணக்கின்றன. இனிப்போ பிறந்த குழந்தையும் விரும்பும் சுவை. ஆக, ஒரே மாவின்மீது எனக்குள்ள இரண்டு தீர்ப்புகளுக்கும் காரணம் உண்டு.

நாக்கு கற்றுக்கொள்ளும் விதம்

எல்லோருடைய நாக்கும் ஒன்றல்ல. 1931-இல் அமெரிக்க வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸ் ஆய்வகத்தில் ஒரு வேதிப்பொருளைக் கையாண்டபோது அதன் தூள் காற்றில் பறந்தது. உடனிருந்தவர் ‘கசக்கிறது’ என்றார். ஃபாக்ஸுக்கோ எந்தச் சுவையும் தெரியவில்லை. இந்த வேறுபாடு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவது என்று பின்னர் தெரியவந்தது. முட்டைக்கோஸ், கடுகு குடும்பத்துக் காய்கறிகளில் உள்ள சில கசப்புப் பொருள்களும் அதே உணர்வியோடு தொடர்புடையவை. ‘கசக்கவே இல்லையே’ என்று சொல்லி ஊட்டும் தாயும் ‘கசக்கிறது’ என்று அழும் குழந்தையும் இருவருமே உண்மை பேசிக்கொண்டிருக்கலாம்.

பிறவி ஒரு பகுதி. பழக்கம் மறு பகுதி. அதுவும் கருவறையிலேயே தொடங்கிவிடுகிறது. ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தின் ஜூலி மெனெல்லாவும் உடனிருந்தோரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கேரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள், பிற்பாடு கேரட் கலந்த கூழைக் குறைவான முகச்சுளிப்போடு ஏற்றுக்கொண்டன. தாய் உண்டதன் மணம் பனிக்குட நீர் வழியாகவும் தாய்ப்பால் வழியாகவும் குழந்தையை எட்டுகிறது. பெருங்காயமும் வெந்தயமும் நமக்கு ‘வீட்டு மணம்’ ஆனது எவ்வளவு முன்னதாக என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

வெறுப்பைக் கற்பதற்கு ஒரே ஒரு முறை போதும். 1955-இல் ஜான் கார்சியாவும் உடன் ஆய்ந்தோரும், இனிப்பு நீரைக் குடித்த எலிகளைக் கதிர்வீச்சால் நோயுறச் செய்தபோது, அவை பிறகு அந்த இனிப்பையே ஒதுக்கின. நோய்க்குக் காரணம் இனிப்பன்று என்பது எலிக்குத் தெரியாது. நம் உடலும் இப்படித்தான். சிறு வயதில் மஞ்சள் காமாலையோ கடும் வாந்தியோ வந்தபோது உண்ட உணவைப் பல ஆண்டுகள் கழித்தும் தொட முடியாதவர்கள் நம்மிடையே பலர்.

இதில் நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. 1978-இல் ஐலீன் பெர்ன்ஸ்டைன் வெளியிட்ட ஆய்வில், புற்றுநோய்க்கு மருந்தேற்றப்படும் முன் ஒரு புதுச் சுவைப் பனிக்கூழை உண்ட குழந்தைகள் அதைப் பின்னர் தவிர்க்கத் தொடங்கியது தெரிந்தது. குமட்டலை உண்டாக்கும் சிகிச்சைக்குச் சற்று முன்பாக, குழந்தைக்கு மிகவும் பிடித்த உணவை ஆசையாக ஊட்டாதீர்கள் என்று சொல்லப்படுவது இதனால்தான். ஆறுதலுக்காகக் கொடுத்த தோசை, ஆறுதல் தரும் தகுதியையே இழந்துவிடக்கூடும்.

ஆறுதல் எங்கிருந்து வருகிறது?

மனம் சோர்ந்த நாளில் ரசம் சோறு, காய்ச்சலில் கஞ்சியும் துவையலும், மழை மாலையில் அடையும் வெல்லமும் என்று ஒவ்வொருவரிடமும் ஓர் ஆறுதல் உணவு இருக்கிறது. அது உண்மையிலேயே ஆறுதல் தருகிறதா? மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், வருத்தம் தரும் படக் காட்சிகளைப் பார்த்தவர்களுள் சிலருக்கு அவர்களே தேர்ந்த ஆறுதல் உணவையும், சிலருக்கு வேறு உணவையும் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. சிறிது நேரத்தில் எல்லோருடைய மனநிலையும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறிவிட்டது. ஆறுதல் உணவுக்கென்று தனி மந்திரம் எதுவும் தென்படவில்லை.

ஆனால், அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு ஜோர்டன் டிராய்சியும் ஷிரா கேப்ரியலும் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ஆறுதல் உணவு, மனிதரின் நினைவில் நெருங்கிய உறவுகளோடு பின்னிக் கிடக்கிறது என்றும், பாசமான உறவுகளில் வளர்ந்தவர்களுக்கு அது தனிமை உணர்வைக் குறைக்கிறது என்றும் அவர்கள் கண்டார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இது: தட்டில் இருக்கும் பண்டம் கவலையைக் கரைத்துவிடுவதில்லை; அதை நமக்காகச் செய்த ஒருவர் இருந்தார் என்ற நினைவே வேலை செய்கிறது. ‘உனக்குப் பிடிக்குமே என்று செய்தேன்’ என்ற சொற்றொடரில் ஆறுதலின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

அந்தச் சொற்றொடரைச் செயலில் காட்டிய மனிதர் ஒருவர் வரலாற்றில் இருக்கிறார். இங்கிலாந்தின் பர்மிங்காமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்டின் மனைவிக்கு முட்டையும் ஒவ்வாது, ஈஸ்ட்டும் ஒவ்வாது. ‘கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது’ என்று அவர் சொல்லவில்லை. முட்டை இல்லாத கஸ்டர்டை 1837-இலும், ஈஸ்ட் இல்லாமல் மாவை உப்பவைக்கும் பேக்கிங் பவுடரை 1843-இலும் உருவாக்கினார். என் மகளின் பான்கேக் பஞ்சுபோல் எழும்புவது அந்த வகைப் பொடியால்தான். ஒவ்வாமை வேறு, பிடிக்காமை வேறு என்பதை அறிவேன். ஆனால், இரண்டையும் தெரிந்துகொள்ளும் வழி ஒன்றே: உண்பவரிடம் கேட்பதும், அவர் சொல்வதை நம்புவதும்.

கேட்கப்படாத கேள்வி

தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் கோதுமை தோசை நுழைவது ஒரு பரிசோதனை முடிவின் பின்னால். ‘சர்க்கரை’ என்று மருத்துவர் சொன்ன அன்றிரவே அரிசி மாவுப் பாத்திரம் பின்னுக்குப் போகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. என் தந்தை பல ஆண்டுகள் இரவுதோறும் கோதுமை தோசை உண்டார். தாயார் அதை அக்கறையோடுதான் வார்த்தார், தந்தையும் முணுமுணுத்ததில்லை. மூன்று இரண்டாயிற்று, இரண்டு ஒன்றரை ஆயிற்று. எடை குறைந்ததைக் கண்ட மருத்துவர் உணவியல் ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார்.

அந்த இளம்பெண், ‘ஐயா, உங்களுக்கு என்ன பிடிக்கும்?’ என்று கேட்டார். தந்தை பதில் சொல்லாமல் தாயாரைத் திரும்பிப் பார்த்தார். என்ன உண்ண வேண்டும், என்ன உண்ணக் கூடாது என்பதையே பல ஆண்டுகளாகக் கேட்டிருந்தவருக்கு அந்தக் கேள்வி புதிது. பிறகு மெல்லச் சொன்னார்: ‘புளிச்ச மாவு தோசை. மொளகாப் பொடி.’ ஆலோசகர் மறுக்கவில்லை. கோதுமை மாவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து. அரிசியில் முக்கால் பங்குக்குச் சற்றே கூடுதல். எனவே தானியத்தை மாற்றியதால் மட்டும் பெரிய இலாபம் இல்லை, அளவும் உடன் உண்பதும்தான் முக்கியம் என்று விளக்கினார். உளுந்தைக் கூட்டி அரைத்து, சிறிதாக இரண்டு தோசை, ஒரு கிண்ணம் காய்கறிச் சாம்பார், வாரம் இரு முறை முருங்கைக்கீரை அடை என்று எழுதிக் கொடுத்தார். எல்லோருக்கும் பொருந்தும் மருந்துச்சீட்டு அல்ல இது. அவரவர் மருத்துவரே சொல்ல வேண்டியது. ஆனால், அந்த ஒரு கேள்விக்குப் பிறகு தந்தை மீண்டும் பசியோடு தட்டின் முன் உட்கார்ந்தார்.

முதுமையில் மணமறியும் திறன் குறைகிறது, அதோடு சுவையும் மங்குகிறது, பசியும் சுருங்குகிறது. அந்த வயதில் பிடித்ததையும் பறித்துவிட்டால், உண்பதற்கு எஞ்சும் காரணம் கடமை ஒன்றுதான். உணவுக் கட்டுப்பாடு எழுதும் ஒவ்வொருவரும் முதல் வரியில் நோயின் பெயரை எழுதினால், இரண்டாம் வரியில் நோயாளிக்குப் பிடித்ததை எழுத வேண்டும்.

தாயாரின் பிடித்தம் என்ன? அவர் எல்லோருக்கும் வார்த்து முடித்துவிட்டு, பாத்திரத்தின் ஓரத்தை வழித்த மாவில் ஒன்று வார்த்துக்கொள்வார். பல இரவுகளில் அதுவும் வேண்டாமென்று தயிர் சோறு உண்பார். அதைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு நகர்வது எளிது. அதற்குள் ஓர் எளிய உடலியல் இருக்கிறது: தொடர்ந்து ஒரே மணத்தை நுகரும் மூக்கு அதற்குப் பழகி மரத்துப்போகிறது. முக்கால் மணி நேரம் கல்லின் முன் நின்றவருக்குத் தோசையின் மணத்தில் பசி எழாது. அவருக்குப் பிடித்த தோசை, வேறொருவர் வார்த்துக் கொடுக்கும் தோசை. தந்தைக்கு இரண்டு தோசை எழுதிக் கொடுத்த அதே வாரத்திலிருந்து, ஞாயிறு இரவுகளில் கரண்டி என் கைக்கு வந்தது. தாயாருக்கு மெல்லிய முறுகல்தான் பிடிக்கும் என்பதும், மிளகாய்ப் பொடியைவிடத் தக்காளித் தொக்கே விருப்பம் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தன.

வெறுப்பின் எல்லை

விருப்பு வெறுப்பை மதிக்கச் சொல்வதால், அதற்கு எல்லையே இல்லை என்று ஆகிவிடாது. எனக்குக் கோதுமை தோசை பிடிக்காது என்பது என் தட்டோடு முடிந்துவிட வேண்டிய செய்தி. ‘எனக்குப் பிடிக்காது’ என்பது ‘இதை எப்படித்தான் தின்கிறார்களோ’ என்று மாறும் இடத்தில், சுவை மறைந்து இளக்காரம் தொடங்குகிறது. பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கும் மணம் ஒருவருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அதைக் காரணமாக்கி வீடு வாடகைக்கு இல்லை என்று சொல்லும்போது அவர் உணவைப் பற்றிப் பேசவில்லை, மனிதர்களைப் பற்றிப் பேசுகிறார். குழந்தைகளுக்கு இந்த வேறுபாட்டை உணவு மேசையிலேயே கற்பிக்கலாம். ‘எனக்கு இது பிடிக்கவில்லை’ என்று சொல்ல உரிமை உண்டு. ‘சீ’ என்று சொல்ல இல்லை. ஒரு வாய் சுவைத்துப் பார்க்கக் கேட்கலாம். விழுங்கியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தத் தேவையில்லை. புதிய உணவை ஏற்பதற்குக் குழந்தை அதைப் பல முறை சந்திக்க வேண்டியிருக்கும் என்பதையும், அச்சுறுத்தலோடு நிகழும் சந்திப்பு வெறுப்பையே வளர்க்கும் என்பதையும் பெற்றோர் நினைவில் கொள்வது நல்லது.

வீட்டுக்கு வெளியே, பொதுச் சமையலறைகளுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடான உணவோடு அரசுப் பள்ளிக் குழந்தைகளின் நாளைத் தொடங்கிவைத்தது. பசியை ஆற்றுவது முதற்கடமை என்பதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆயினும், பள்ளியானாலும் விடுதியானாலும் முதியோர் இல்லமானாலும் மருத்துவமனையானாலும், தட்டில் மீந்து கிடப்பது ஒரு கருத்து. எந்தக் கிழமையில் எது அதிகம் மீந்தது என்று குறித்து வைத்தாலே அடுத்த மாதத்துப் பட்டியலைச் செம்மையாக்க முடியும். இலவசமாகக் கிடைப்பதில் ருசி பார்க்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றே: உண்ணப்படாத உணவு எந்தத் திட்டத்திலும் ஊட்டமாகாது.

இவற்றுக்கெல்லாம் பெரிய செலவு எதுவும் இல்லை. மாவு அதேதான், கல் அதேதான். இன்றிரவு உங்கள் வீட்டில் அடுப்பின் முன் நிற்பவரிடமும், முதலில் தட்டைத் தள்ளிவைக்கும் முதியவரிடமும், ‘உங்களுக்கு எப்படி வார்த்தால் பிடிக்கும்?’ என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வராமல் போகலாம், சற்றுப் பொறுத்திருங்கள்.